ஒரு ராத்திரி அடிவாரத்தில்

கரடியூர்
17-6-2024

அன்பு மகள் கௌரிக்கு அப்பா பொன்னுவேல் எழுதுவது. நானும் உன் அம்மாவும் தம்பி முருகனும் நலம். ஆடு மாடுகளும் நலம். உன் நலம் எப்படி என்று தெரியாமல்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே நல்ல மழை. நீ கிளம்பிப் போன அன்று விதைத்த சாமை இப்போது ஊசி ஊசியாக மேலே வந்துவிட்டது. விதைக்கு முந்தின ராத்திரி வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் ஒரே கூரைக்கடியில் படுக்க வேண்டும் என்பது நம் குடும்பத்து வழக்கம். அதற்காகத்தான் பாண்டிச்சேரியிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடி வந்தாய். வந்தது கடைசி பஸ்ஸில், போனது முதல் பஸ்ஸில். வழி கேட்டு வந்தவன்கூட நம் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் போவான். நீயோ காப்பி டம்ளரைக் கீழே போட்டு உடைத்துவிட்டுப் போனாய்.

உன் அம்மா அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். "புள்ள கையில டம்ளர் நிக்கலைங்க. மூஞ்சியும் வெளுத்துக் கெடந்துச்சுங்க" என்று என் காதில் வந்து கத்துகிறாள். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ரைட்டராகக் கணக்கு எழுதியதில் என் காது போனது உனக்குத் தெரியும். அதனால் இந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. எனக்குச் சொல்வதெல்லாம் கரடியூருக்கே கேட்கிறது. அக்காவைப் போனில் எழுத்தாக அனுப்பச் சொல்கிறேன் என்கிறான் முருகன். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, எனக்கு ஒத்துவரவில்லை. நீயும் நானும் பேசிக்கொள்ள இந்தக் காகிதம்தான்.

இன்னொரு சேதி. தோட்டத்து ஓரம் முருகன் கட்டிய இரண்டு அறைகளும் முடிந்துவிட்டன. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரிகிறது. உன் கடல் ஆட்களைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பிவிடு. பதில் போடு. கையை ஒரு டாக்டரிடம் காட்டு.

உன் அப்பா,
பொன்னுவேல்


புதுச்சேரி
8-7-2024

அன்புள்ள அப்பாவுக்கு கௌரி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் இப்போது எப்படி இருக்கின்றன? பதில் தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் கோபிக்க வேண்டாம். போட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், அலை ஆட்டுகிறது.

டம்ளர் விஷயத்தை அம்மா மறந்துவிடட்டும். எனக்கு வளைவுகளில் பஸ் ஏறினால் வாந்தி வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தானே. அன்றைக்கும் அதேதான்.

நீச்சல் வாத்தியார் வேலைக்கா போனாய் என்று போன வருஷம் கேட்டீர்கள். இல்லை அப்பா. கடலுக்கடியில் போக முறையாகக் கற்று அதற்கான கார்டு வைத்திருப்பவர்கள் லீவுக்கு வருவார்கள். அவர்களுக்குப் போட், சிலிண்டர், கூடவே இறங்கி வழிகாட்டும் ஆள் எல்லாம் ஏற்பாடு செய்வது என் தொழில். கார்டைப் பார்த்தாலும் அதை மட்டும் நம்ப மாட்டேன். கடைசியாக எப்போது இறங்கினீர்கள், சளி இருக்கிறதா, நேற்று ராத்திரி குடித்தீர்களா என்று மாமியார் மாதிரி கேட்பேன். விடிகாலையில் காற்றைப் பார்த்து, போட் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வேன். யாரோடு யார் ஜோடி என்று பிரிப்பேன். போன வாரம் ஆறு பேரை அனுப்பினேன். பெரிய ஆமை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அறைகள் முடிந்தது பெரிய சந்தோஷம். ஆட்களை அனுப்புகிறேன். ஒன்று மட்டும். கடலில் இறங்கியவர்கள் அன்றைக்கே மலைக்கு வர வேண்டாம். ஒரு ராத்திரி கீழேயே தூங்கிவிட்டு மறுநாள் ஏறட்டும். முருகனிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
கௌரி


கரடியூர்
19-7-2024

அன்பு மகள் கௌரிக்கு அப்பாவின் ஆசிகள். உன் அம்மாவின் இருமல் தேவலை. என் மூட்டு மழைக்கு முன்னால் ஜோசியம் சொல்கிறது, அது ஒன்றுதான் அதனால் லாபம்.

நீ அனுப்பிய பெங்களூர்த் தம்பதி வந்து போனார்கள். தங்கமான மனிதர்கள். அந்தப் பெண் ராகிக் களியை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கீழே சேலத்தில் லாட்ஜில் தங்கிவிட்டு மறுநாள் மதியம்தான் ஏறி வந்தார்களாம். எனக்கு மனசு கேட்கவில்லை. மேலே நம் வீடு இருக்கும்போது அடிவாரத்தில் எதற்குப் படுக்க வேண்டும்? ரோடு இல்லாத காலத்திலேயே, நம்மைத் தேடி வருகிறவர்கள் இருட்டில் கீழே நின்றுவிட்டால் பந்தம் கொளுத்திக்கொண்டு போய் அழைத்து வருவார்களாம் நம் வீட்டு ஆட்கள். விருந்தாளியை அடிவாரத்தில் ராத்தங்க விட்ட வீடு என்ற பெயர் நமக்கு வேண்டாம். களைப்பாக இருக்குமே என்று நீ சொல்லியிருக்கிறாய். களைத்தவர்களுக்குத்தான் வெந்நீரும் கோழிக் குழம்பும் இருக்கிறதே.

முருகன் ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் ஒரு போர்டு வைத்துவிட்டான். "காலையில் கடல், மாலையில் மலை" என்று நீல எழுத்தும் பச்சை எழுத்துமாக. போனிலும் அதையே போட்டுவிட்டானாம். தினம் நாலு பேர் கேட்கிறார்களாம். வாசகம் யாருடையது என்கிறாய்? அடியேனுடையதுதான்.

ஒன்று கேட்கிறேன். முன்பெல்லாம் "இன்றைக்கு இறங்கினேன், இதைப் பார்த்தேன்" என்று எழுதுவாய். இப்போது "அனுப்பினேன்" என்று மட்டும் எழுதுகிறாய். ஆள் வராத நாளை எஸ்டேட் செக்ரோல் புத்தகத்தில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. நீ இறங்குவதில்லையா கண்ணு?

உன் அப்பா,
பொன்னுவேல்


புதுச்சேரி
30-7-2024

அன்புள்ள அப்பாவுக்கு, நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

அந்தப் போர்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். போனில் போட்டதையும் எடுக்கச் சொல்லுங்கள். களைப்புக்காக நான் சொல்லவில்லை அப்பா. அது ஆபத்து.

சேலம் பஸ் ஸ்டாண்டில் சிப்ஸ் பாக்கெட் வாங்குகிறோம். ஏற்காடு போய்ச் சேரும்போது அது எப்படி உப்பிக்கொள்கிறது? சின்ன வயதில் முருகன் அதைத் தட்டித் தட்டி வெடிக்கப் பார்ப்பானே. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, உள்ளே இருக்கிற காற்று விரிகிறது. கடலுக்கடியில் சிலிண்டர் காற்றைச் சுவாசித்தவர்கள் உடம்பில் ஒரு வாயு ஏறித் தங்கியிருக்கும். அது மெல்ல மெல்லத்தான் வெளியே போகும். ஒரு முழு நாளாவது வேண்டும். அதற்குள் மலை ஏறினால் அது ரத்தத்திலேயே குமிழ் விடும். அதனால்தான் இறங்கிய அன்றைக்கு விமானத்தில் போகக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லித் தருகிறார்கள். நம் மலையும் அதே கதைதான்.

என் ஆட்களுக்கு நான் சொல்லி அனுப்புவேன். போனில் போட்டதைப் பார்த்து நேராக வருகிறவர்களை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்? இங்கே டைவ் ஏற்பாடு செய்கிறவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இப்போது கரை வேலை அதிகம். கீழே கூட்டிப் போவதை ஷெர்வின் பார்த்துக்கொள்கிறான். அவனும் நம் ஏற்காட்டுப் பையன்தான், சர்ச் பக்கத்துச் சிங்கராயர் மகன். போர்டை எடுங்கள் அப்பா.

கௌரி


கரடியூர்
12-8-2024

மகள் கௌரிக்கு அப்பா எழுதுவது. எல்லாரும் சௌக்கியம்.

உன் கடிதம் வந்த அன்றே முருகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கிறான். உன் கடிதத்துக்கு முன்பே இரண்டு கோஷ்டி கடலிலிருந்து நேராக வந்து தங்கிப் போய்விட்டதாம். காலையில் கடல், மாலையில் நம் வீட்டுக் குழம்பு, மறுநாள் படகுச் சவாரி, ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. அப்புறம் எங்கே ஆபத்து? உரலில் தலையைக் கொடுத்துவிட்டு இடிக்குப் பயப்படலாமா என்று கடலுக்குப் போகிற உனக்கு நான்தான் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஏறுகிற மலையைக் காட்டி நீ எங்களைப் பயமுறுத்துகிறாய்.

முருகன் வேறு மாதிரி யோசிக்கிறான். அக்கா தன் ஆட்களைச் சேலத்தில் ஏதோ லாட்ஜுக்குப் பிடித்துக் கொடுக்கிறாள் என்கிறான். நான் அதட்டிவிட்டேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நம் வீட்டைக் காட்ட உனக்குக் கூச்சமா? ஆடிப் பதினெட்டுக்கும் நீ வரவில்லை. வந்தால்தானே அறை எப்படி இருக்கிறது என்று தெரியும்.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமைக்கு அபிஷா என்று ஒரு பெண் நாலு பேருக்கு இடம் சொல்லியிருக்கிறாள். சென்னைக்காரர்கள். சனிக்கிழமை காலையில் அங்கே வேறு யாரோடோ இறங்கிவிட்டு அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு இங்கே வருகிறார்கள். வரச் சொல்லிவிட்டோம். வா என்று சொன்ன வாயால் வராதே என்று சொல்லி இந்த வீட்டில் பழக்கமில்லை.

உன் அப்பா


கரடியூர்
3-9-2024

கண்ணு கௌரிக்கு,

கடுமையாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. நீ பதில் போடவில்லை. தபால்காரர் செங்கோடன் தெரு முனையில் திரும்பும்போதே நான் எழுந்து நிற்கிறேன். அவர் கையை விரிக்கிறார்.

அம்மாவோடு போனில் பேசுகிறாயாம், முகம் பார்த்துப் பேசுகிறாயாம். நீ சிரித்த முகமாக இருப்பதை நானும் பின்னால் நின்று பார்த்தேன். என்ன சொல்லிச் சிரிக்கிறாய் என்று எனக்கு எங்கே கேட்கிறது? கேட்காதவனுக்குக் கண் கொஞ்சம் கூடுதல். நீ இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாய். டீயும் இடது கையால்தான் குடித்தாய். உன் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் எழுத்து ஒரே மாதிரி சாய்ந்திருக்கிறது. எல்லா நாளும் போட் ஒரே பக்கமாகவா ஆடும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன் அம்மாவிடம் சொல்ல முடியாது, முருகனிடமும் சொல்ல முடியாது. உன்னிடம்தான் சொல்கிறேன். கை எப்படி இருக்கிறது?

அப்பா


புதுச்சேரி
10-9-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் என்று எழுதி ஆரம்பிக்க இன்றைக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தை நாலு நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சனிக்கிழமை நெருங்கிவிட்டது. இனியும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

விதைக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை இறங்கினேன். அன்று வேறு வழிகாட்டி கிடைக்கவில்லை. மதியம் கரைக்கு வந்ததும் சேலத்துக்குப் பஸ் பிடித்தேன். எல்லாருக்கும் நான் சொல்கிற விதி எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஏறினேன். மற்றவர்களுக்குத்தான் அது மலை, எனக்கு அது வீடு, பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய உடம்பை மலை என்ன செய்துவிடும் என்று ஒரு திமிர். ஊருக்குத்தான் உபதேசம்.

பாதி வளைவு தாண்டும்போதே வலது தோள் குடைய ஆரம்பித்தது. மேலே வந்து இறங்கும்போது விரல்கள் என்னுடையவையாக இல்லை. அம்மா கொடுத்த டம்ளர் அப்படித்தான் விழுந்தது. விடிந்ததும் இறங்கிச் சென்னைக்குப் போனேன். ஒரு ஆஸ்பத்திரியில் இரும்பு அறைக்குள் படுக்க வைத்து, அழுத்தத்தை ஏற்றி மெல்ல மெல்லக் குறைத்தார்கள். வலி போய்விட்டது. இரண்டு விரல்களுக்கு மட்டும் இன்னும் உணர்ச்சி வரவில்லை. சுடுவதும் தெரியாது, ஈரமும் தெரியாது. இந்தக் கடிதத்தையும் இடது கையால்தான் எழுதுகிறேன். ஜனவரியில் பரிசோதனை செய்துவிட்டுத்தான் நான் மறுபடி கடலில் இறங்கலாமா கூடாதா என்று சொல்வார்களாம். கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை அப்பா. எனக்கு வேறு எதுவும் வராது.

விதைக்கு வரச் சொன்னோமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை. நீங்கள் வரச்சொன்னீர்கள், அன்றைக்கே ஏறச் சொல்லவில்லை. முருகனுக்குப் போன் செய்து மறுபடி சொன்னேன். "ரெண்டு தடவ வந்தாங்கக்கா, ஒண்ணும் ஆவலையே" என்கிறான். அந்த நாலு பேரின் நம்பரைக் கேட்டேன், அதற்கும் சிரிப்புத்தான். எனக்கு நடந்ததைச் சொன்னால் அடுத்த நிமிஷம் அம்மாவுக்குப் போய்விடும். அம்மா என்னைக் கடல் பக்கமே விடமாட்டாள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

முன்னால் வந்த இரண்டு கோஷ்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அதிர்ஷ்டம். எனக்கும் பல தடவை அதிர்ஷ்டம் இருந்தது. அந்த நாலு பேரும் என்னைப் போல ஆகிவிடக் கூடாது. ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

கௌரி


கரடியூர்
16-9-2024

என் கண்ணு கௌரிக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேரும் நலம்.

உன் கடிதம் சனிக்கிழமை மதியம்தான் வந்தது. படித்துவிட்டு முருகனைக் கூப்பிட்டேன். போன் போடச் சொன்னேன். அந்தப் பெண் எடுக்கவில்லை, காரை ஓட்டிக்கொண்டு வருகிறாள் போல. ஜீப்பை எடு என்றேன். ஏன் என்று கேட்டான், எடு என்றேன். ராத்திரிக்கென்று அம்மா வைத்திருந்த சோற்றையும் குழம்பையும் தூக்கி ஜீப்பில் வைத்தேன். தன் பாத்திரம் போகிற இடத்துக்குத் தானும் வருவேன் என்று அம்மாவும் ஏறிக்கொண்டாள்.

அடிவாரத்துச் செக்போஸ்டில் நின்று ஒவ்வொரு காராகக் கையைக் காட்டி நிறுத்தினோம். சிலர் காசு கேட்கிறோம் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். இருட்டப் போகும் நேரத்தில் வெள்ளைக் கார் ஒன்று வந்தது. போனில் இருந்த படத்தை வைத்து முருகன் அந்தப் பெண்ணை அடையாளம் கண்டான். நான் போய்ச் சொன்னேன்.

"ஏனுங்கம்மா, எங்க ஊடு மேலதான் இருக்குது. ஆனா இன்னைக்கு நீங்க மேல வரக்கூடாதுங்க. அப்படி ஏறித்தான் எம்புள்ளைக்குக் கை வெளங்காம போச்சுங்க."

ரகசியமாக வைக்கச் சொல்லியிருந்தாய். என் குரல் எப்படிப்பட்டது என்பது எனக்கே தெரியாது, மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். செக்போஸ்டே திரும்பிப் பார்த்தது. உன் அம்மா ஜீப்பில் இருந்தாள்.

அந்த அபிஷா நல்ல பெண். அவள் முகம் வெளிறிவிட்டது. விமானத்துக்கு மட்டும்தான் யோசித்தோம், மலை என்று தோன்றவே இல்லை, நீங்கள் போனில் போட்டதிலும் அப்படித்தானே இருந்தது என்று சொன்னாளாம். முருகன் எனக்கு எழுதிக் காட்டினான். எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

விருந்தாளியை அடிவாரத்தில் விடக்கூடாது என்பது வழக்கம். அதனால் நாங்களும் திரும்பவில்லை. பக்கத்தில் தெரிந்த ஒருவரின் வீட்டில் மூன்று அறை வாங்கி, அங்கேயே இலை போட்டு எல்லாருமாகச் சாப்பிட்டு, அங்கேயே படுத்தோம். உன் அம்மா நாலு பேருக்கும் பரிமாறினாள். பிறகு ஜீப்புக்குப் பின்னால் போய் வெகு நேரம் நின்றாள். மறுநாள் சாயங்காலம் அவர்களோடு ஏறும்போது ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். நீ சொன்னது போலவே உப்பியது. இதுதானே உன் தோளுக்குள் நடந்தது.

போர்டை முருகனே கழற்றிவிட்டான், போனில் போட்டதையும் எடுத்துவிட்டான். உன்னிடம் பேச வெட்கப்படுகிறான். நீயாக இரண்டு வார்த்தை திட்டிவிடு, அவனுக்குச் சரியாகிவிடும். வரச் சொன்னது நான்தான் என்பதை நீ எத்தனை மாற்றிச் சொன்னாலும் என் மனசு கேட்கவில்லை. அதை நான் சுமந்துகொள்கிறேன், நீ உன் கையைப் பார். டாக்டர் ஏறலாம் என்று சொன்னால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. உன் அம்மா அந்த விரலைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அப்பா


புதுச்சேரி
4-11-2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். பனியில் அம்மா காதை மூடிக்கொள்ளட்டும். முருகனைத் திட்டிவிட்டேன். இப்போது தினமும் போன் செய்து அவன் என்னைத் திட்டுகிறான்.

டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். ஜனவரிப் பரிசோதனை வரை கடல் வேண்டாம், மலை ஏறலாம், இப்போது ஏறினால் ஒன்றும் செய்யாது. அதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. எப்போது வருகிறாய் என்று அம்மா கேட்டபோதெல்லாம் போட் வேலை என்றேன். இந்த மழைக்காலத்தில் இங்கே எந்தப் போட்டும் கடலுக்குப் போகாது.

இரண்டு தடவை சேலம் வரை வந்தேன் அப்பா. ஏற்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட்டும் எடுத்தேன். டிரைவர் வண்டியை எடுத்ததும் தோள் குடைவது போல இருந்தது. வலி இல்லை, அது பயம்தான் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் இறங்கிவிட்டேன். கடலுக்கு ஒரு நாள்கூடப் பயந்ததில்லை, நம் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்குப் பயப்படுகிறேன். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

சாமை அறுத்திருப்பீர்கள். புதுச் சாமை பொங்குகிற ராத்திரியும் எல்லாரும் ஒரே கூரைக்கடியில் இருக்க வேண்டும். என்னால் முடியாது. என் இலையைப் போட்டு வையுங்கள். கோபப்படாதீர்கள்.

கௌரி


கரடியூர்
12-11-2024

கண்ணு கௌரிக்கு அப்பாவும் அம்மாவும் எழுதுவது.

யாரும் சிரிக்கவில்லை. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊருக்கும் கேட்டிருக்கும், போகட்டும்.

ஒரே கூரை என்றுதான் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். எந்தக் கூரை என்று சொல்லவில்லை. இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை அடிவாரத்தில் அதே வீட்டில் அறை சொல்லிவிட்டோம். புதுச் சாமை, வெல்லம், பானை, உன் அம்மா, முருகன், நான் எல்லாரும் இறங்கி வருகிறோம். நீ சேலம் வரை வந்து பழகியவள்தானே. இன்னும் கொஞ்ச தூரம், அவ்வளவும் சமதரை. ஒரு வளைவுகூட இல்லை.

மறுநாள் காலையில் நாங்கள் மேலே போய்விடுவோம், நீ பாண்டிச்சேரிக்குப் போய்விடலாம். ஏறு என்று ஒருவரும் சொல்ல மாட்டோம். உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கிவிட்டேன்.

அப்பா


புதுச்சேரி
28-11-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த மிளகும் காப்பித்தூளும் அறை முழுக்க மணக்கின்றன. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று நாள் இருந்தும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கத்திச் சொல்ல வேண்டும். இது கத்திச் சொல்கிற விஷயமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் மூவரும் சொன்ன சொல்படியே என்னை மேலே கூப்பிடாமல் ஜீப்பில் ஏறினீர்கள். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். அம்மா மட்டும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டை என் வலது கையில் வைத்து, "வழியில பசிச்சா தின்னு சாமி" என்றாள். எந்த வழியில் என்று சொல்லவில்லை. ஜீப் முதல் வளைவில் மறைந்தது. சேலம் போகிற பஸ்ஸும் வந்தது, ஏற்காடு போகிற பஸ்ஸும் வந்தது. மேலே போகிறதில் ஏறிவிட்டேன். தைரியம் வந்து ஏறவில்லை அப்பா. நீங்கள் கண்ணாடியைத் துடைத்ததைத் தாங்க முடியாமல் ஏறினேன்.

வழி முழுக்க வெளியே பார்க்கவில்லை. பாக்கெட்டையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்னே தோள் குடைந்த இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஏற ஏறப் பாக்கெட் உப்பிக்கொண்டே வந்தது. கடைசி வளைவு தாண்டும்போது அது கல் மாதிரி ஆகிவிட்டது. கல் மாதிரி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று அப்புறம்தான் யோசித்தேன். அந்த இரண்டு விரலுக்கும் தெரிந்தது அப்பா. நன்றாகத் தெரியவில்லை, துணிக்கு மேலே தொடுகிற மாதிரிதான். ஆனாலும் தெரிந்தது.

வாசலில் என்னைப் பார்த்ததும் "காப்பி வெக்கச் சொல்லட்டுமா கண்ணு" என்று மட்டும் சொன்னீர்கள். டம்ளரை நான் வலது கையால் வாங்கியதை நீங்கள் பார்த்தீர்கள். அம்மாவும் பார்த்தாள். அது சுட்டது.

ஜனவரியில் டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது. அவர் எதைச் சொன்னாலும் அன்றைக்கே உங்களுக்கு எழுதுகிறேன். எழுத்து எறும்பு மாதிரி இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், விரல் இன்னும் சரியாக வளையவில்லை.

வலது கையால்,
உங்கள் கௌரி